இட்டேரியை மறித்து வேலி: எந்த ஆபீசுக்குப் போவது?

மேட்டாங்காட்டான்

வணக்கமுங்க. திருப்பூர் மாவட்டத்துத் தெற்குக் கோடியில் எங்கள் தோட்டம். தார்ச்சாலையில் இருந்து தோட்டத்துக்கு வருகிற இட்டேரியை (இருபுறமும் வேலி உள்ள வண்டித்தடம்), பக்கத்துக் காட்டுக்காரர் கம்பி வேலி போட்டுப் பாதி அடைத்துவிட்டார். இப்போது டிராக்டர் திரும்பாது. வி.ஏ.ஓ.விடம் சொன்னால் "தடம் ஊராட்சிக்குச் சேர்ந்தது, செயலாளரைப் பாருங்க" என்கிறார். ஊராட்சிச் செயலாளர் "அளந்து கொடுத்தால்தான் நாங்க கை வைக்க முடியும்" என்கிறார். ஒன்றிய ஆபீசில் "ஆக்கிரமிப்பு தாசில்தார் வேலை" என்றார்கள். தாலுகா ஆபீசில் மனுவை வாங்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

யாரையும் திட்டுவதற்காக எழுதவில்லை. இவர்களில் யாருக்கு மேலே யார் என்பதே எனக்குப் பிடிபடவில்லை. எல்லோரும் கலெக்டருக்குக் கட்டுப்பட்டவர்கள்தானே? அப்படியானால் திங்கட்கிழமை நேராக அவரிடமே கொடுத்துவிடலாமா?

பனியன்சிட்டி

இதில் யோசிக்க என்ன இருக்குதுங்க? மாவட்டத்துக்கு ராஜா கலெக்டர். கீழே இருப்பவர்கள் மேலிருந்து ஒரு வார்த்தை வந்தால்தான் அசைவார்கள். திங்கள் காலையில் மனுவோடு போய் வரிசையில் நில்லுங்க.

ஓய்வு_வருவாய்

தம்பி, போகலாம், தப்பில்லை. ஆனால் அந்த மனு என்ன ஆகும் என்று தெரிந்துகொண்டு போங்கள். குறைதீர் நாளில் கலெக்டர் கையில் கொடுக்கிற மனுவுக்கு ஒரு எண் விழும். அது சம்பந்தப்பட்ட அலுவலருக்குக் கீழே இறங்கும். உங்கள் விஷயத்தில் அது மறுபடியும் அதே தாசில்தாரிடம் வரும். அவர் வருவாய் ஆய்வாளரிடம் அறிக்கை கேட்பார், ஆய்வாளர் வி.ஏ.ஓ.விடம் கேட்பார். ஒரு வித்தியாசம் உண்டு: இப்போது பதில் எழுதியாக வேண்டும். அந்த அளவுக்கு லாபம்.

நீங்கள் போன நான்கு இடங்களும் இரண்டு வேறு துறைகள். வி.ஏ.ஓ., அவருக்கு மேலே குறுவட்டத்துக்கு ஒரு வருவாய் ஆய்வாளர், வட்டத்துக்கு வட்டாட்சியர் (தாசில்தார்), கோட்டத்துக்கு கோட்டாட்சியர், மாவட்டத்துக்கு மாவட்ட வருவாய் அலுவலர். இது வருவாய்த்துறையின் ஏணி. நிலம் யாருடையது, எது புறம்போக்கு, எங்கே எல்லை என்கிற கணக்கெல்லாம் இங்கேதான். ஊராட்சிச் செயலாளரும் வட்டார வளர்ச்சி அலுவலரும் (பி.டி.ஓ.) ஊரக வளர்ச்சித்துறை. சாலை போடுவது, தெருவிளக்கு, குடிநீர், குப்பை அவர்கள் வேலை. வி.ஏ.ஓ.வால் செயலாளரை ஏவ முடியாது, தாசில்தாரால் பி.டி.ஓ.வை ஏவ முடியாது. இரண்டு ஏணியும் சேருகிற முதல் இடம் கலெக்டர். அதனால்தான் ஜனங்களுக்கு அவர் ராஜா மாதிரித் தெரிகிறார்.

இன்னொரு சிக்கல், வருவாய் கிராமமும் கிராம ஊராட்சியும் ஒன்றல்ல. ஒரு ஊராட்சிக்குள் இரண்டு வருவாய் கிராமம் இருக்கும், ஒரு வருவாய் கிராமம் இரண்டு ஊராட்சியில் கிடக்கும். நம் பக்கம் ஒவ்வொரு ஊரும் பாளையம், வலசு, புதூர் என்று சிதறிக் கிடப்பதால் இது இன்னும் அதிகம். மனுவில் எந்தக் கிராமத்தின் பெயரை எழுதுகிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும். தாசில்தாருக்கு வருவாய் கிராமமும் புல எண்ணும், பி.டி.ஓ.வுக்கு ஊராட்சியும் குக்கிராமமும்.

தேர்வுக்காரி_பொள்ளாச்சி

ஐயா, நான் குரூப் 2-க்குப் படிக்கிறேன். எங்கள் ஊரில் சார் ஆட்சியர் அலுவலகம் என்று பலகை இருக்கிறது. பக்கத்து ஊரில் கோட்டாட்சியர் அலுவலகம். துணை ஆட்சியர் என்றும் ஒன்று வருகிறது. இவை மூன்றும் வேறு வேறு பதவிகளா? அப்புறம் எங்கள் தாத்தா தாசில்தாருக்குக் கீழே மணியகாரர் என்றுதான் இன்னமும் சொல்கிறார்.

ஓய்வு_வருவாய்

அம்மிணி, நாற்காலி ஒன்றுதான். வருவாய்க் கோட்டத்தின் தலைமைப் பொறுப்பில் இளம் ஐ.ஏ.எஸ். அதிகாரி உட்கார்ந்தால் சார் ஆட்சியர். மாநிலப் பணியில் இருந்து வந்தவர் உட்கார்ந்தால் கோட்டாட்சியர். அந்த மாநிலப் பணியின் பெயர்தான் துணை ஆட்சியர். குரூப் 1 எழுதி நேராகவும் வருவார்கள், தாசில்தாராக இருந்து பதவி உயர்விலும் வருவார்கள். பட்டா மேல்முறையீட்டுக்கு இருவருக்கும் ஒரே அதிகாரம்தான்.

கோட்டாட்சியரை ஆங்கிலத்தில் ஆர்.டி.ஓ. என்பார்கள். ஆனால் ஆர்.டி.ஓ. ஆபீஸ் எங்கே என்று வழியில் கேட்டால் லைசென்ஸ் எடுக்கிற இடத்துக்கு அனுப்பிவிடுவார்கள், அது வட்டாரப் போக்குவரத்து அலுவலகம். எத்தனை பேர் பட்டா மனுவோடு அங்கே போய் நின்றிருக்கிறார்கள்! சார்பதிவாளரையும் இதில் குழப்பிக்கொள்ள வேண்டாம். அவர் பதிவுத்துறை. கிரயம், வில்லங்கச் சான்று அவரிடம். பட்டா, சிட்டா எங்களிடம்.

மணியகாரர் (ஊர்த் தலைமைக்காரர்), கர்ணம் (ஊர்க் கணக்கர்) எல்லாம் பரம்பரை உத்தியோகம். 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு அதை ஒழித்தது. அதற்குப் பிறகு வந்தவர்தான் கிராம நிர்வாக அலுவலர். இப்போது குரூப் 4 வழியாக வருகிறார். கொங்கு நாட்டில் மணியகாரர் வீடு என்று இன்னமும் ஊருக்கு ஒரு வீடு இருக்கும். உங்கள் தாத்தா சொல்வதில் ஆச்சரியம் இல்லை.

ஒன்றியத்தான்

நான் ஒன்றியத்தில் வேலை பார்த்தவன். எங்கள் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், எல்லோரும் எங்களைத்தான் தட்டிக்கழிக்கிறவர்கள் என்கிறார்கள்.

ஒரு ஒன்றியத்தில் இரண்டு பி.டி.ஓ. இருப்பார்கள். ஒருவர் வட்டார ஊராட்சி, அதாவது ஒன்றியத்தின் பொதுநிதி, ஒன்றியச் சாலைகள் பார்ப்பவர். இன்னொருவர் கிராம ஊராட்சி. உங்கள் தடத்துக்கு இரண்டாமவர்தான். முதலாமவரிடம் கொடுத்திருந்தால் அங்கேயே நேரம் போயிருக்கும்.

அடுத்து, தலைவர் இல்லாத காலம் இது. 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. அதன் பிறகு தனி அலுவலர் பொறுப்பு வந்தது. கிராம ஊராட்சிக்குத் தனி அலுவலர் அந்த இரண்டாவது பி.டி.ஓ.தான். ஒரே ஆள் ஒன்றியத்தில் இருக்கிற அத்தனை ஊராட்சிக்கும் கையெழுத்துப் போட வேண்டும். செயலாளர் "அளந்து கொடுங்க" என்றது சாக்குப்போக்கு இல்லைங்க. எல்லை தெரியாமல் வேலியைப் பிடுங்கினால், வேலிக்காரர் எங்கள் மேல் வழக்குப் போடுவார். 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டம் பொதுத் தடத்தில் இருக்கிற ஆக்கிரமிப்பை எடுக்க ஊராட்சிக்கு அதிகாரம் தருகிறது. ஆனால் அது பொதுத் தடம் என்று காட்டுகிற ஏடு தாலுகா ஆபீசில் இருக்கிறது. சர்வேயரும் எங்கள் ஆள் இல்லை.

பனியன்சிட்டி

பார்த்தீங்களா, இதைத்தான் நானும் சொன்னேன். இரண்டு துறைக்கும் நடுவில் நின்று பேச கலெக்டரை விட்டால் யார்? மழை வந்து குளம் உடைந்தால் ஒரே போனில் பொக்லைன், லாரி, கரண்ட் ஆபீஸ் ஆள், போலீஸ் எல்லாம் வருதே. ராஜா என்றால் ராஜாதான்.

கீழ்பவானிக்காரர்

வெள்ளம் வந்தால் ராஜா, மற்ற நாளில் கூட்டத்துக்குத் தலைவர். ஈரோட்டுப் பக்கம் விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கு மாதாமாதம் போகிறவன் என்கிற முறையில் சொல்கிறேன். வெள்ளத்தில் ஒரே போனில் எல்லோரும் வருவது 2005-ஆம் ஆண்டு பேரிடர் மேலாண்மைச் சட்டம் கொடுத்த பலம். மற்ற நாளில் நீர்வளத்துறைச் செயற்பொறியாளர் கலெக்டர் கூப்பிட்டால் வருவார், பதில் சொல்வார், குறித்துக்கொள்வார். ஆனால் அவருக்கு மாறுதல் போடுவதும், வேலைக்கு நிதி ஒதுக்குவதும் கலெக்டர் இல்லை. செயற்பொறியாளருக்கு மேலே கண்காணிப்புப் பொறியாளர், அவருக்கு மேலே தலைமைப் பொறியாளர், அதற்கு மேலே கோட்டையில், அதாவது சென்னைத் தலைமைச் செயலகத்தில், துறைச் செயலாளர். கீழ்பவானி வாய்க்கால் 2,07,000 ஏக்கருக்குப் பாய்கிறது. அதன் மதகு திறப்புக்குக் கலெக்டர் கொடி அசைக்கலாம், தண்ணீர் திறக்கிற ஆணை அரசாணையாகத்தான் வரும்.

போலீசும் அப்படித்தான். எஸ்.பி. கலெக்டருக்குக் கீழே இல்லை. கோவை, திருப்பூர், சேலம் மாநகரங்களில் எஸ்.பி.யும் இல்லை, கமிஷனர். மின்வாரியம், குடிநீர் வடிகால் வாரியம், போக்குவரத்துக் கழகம் எல்லாம் தனி நிர்வாகம், துறையே அல்ல. கலெக்டர் அவர்களிடம் கேட்கலாம், கடிதம் எழுதலாம். நம் ஆட்கள் இதைப் புரிந்துகொள்ளாமல் கூட்டத்தில் கலெக்டர் மேல் பாய்கிறார்கள்.

ஓய்வு_வருவாய்

கீழ்பவானிக்காரர் சொல்வதில் முக்கால்வாசி சரி. ஆனால் கலெக்டரை வெறும் கூட்டத் தலைவர் என்று சுருக்குவதை ஒப்ப மாட்டேன். ஊராட்சிகள் சட்டத்தில் அவருக்கு இன்னொரு பெயர் உண்டு, ஊராட்சிகளின் ஆய்வாளர். தலைவர் தப்புச் செய்தால் விளக்கம் கேட்டு, பதவி நீக்கம் வரை கொண்டுபோகிற நடவடிக்கை அவரிடம்தான் தொடங்கும். தலைவர்களுக்கு இது நன்றாகத் தெரியும், ஜனங்களுக்குத்தான் தெரியாது. நிலத்திலும் அப்படித்தான். இந்த நாற்காலி கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் வரி வசூலிக்கப் போட்டது. 1799-ல் திப்பு விழுந்த பிறகு கோயம்புத்தூர்ச் சீமை கம்பெனி கைக்கு வந்தது. அதற்கு முன்பே, 1792-ல், சேலம், பாராமகால் பக்கம் கம்பெனி அதிகாரிகள் ரீடும் மன்றோவும் வயல் வயலாக அளந்து, விவசாயியிடம் நேராக வரி வாங்குகிற ரயத்துவாரியைத் தொடங்கிவிட்டார்கள். இன்றைக்கும் ஜமாபந்தியில், அதாவது வருஷாந்திரக் கணக்குத் தணிக்கையில், கலெக்டர் நேராக உட்கார்ந்து கிராமக் கணக்கைப் பார்க்கிறார், பசலி என்கிற வருவாய் ஆண்டு போட்டு. 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரை பசலி 1434.

ஜமாபந்தி என்றதும் ஞாபகம் வருகிறது. வி.ஏ.ஓ. புறம்போக்கு ஆக்கிரமிப்பை எழுதுகிற கணக்குக்கு பி மெமோ என்று பெயர். உங்கள் வேலி அதில் ஏறியிருக்கிறதா என்று கேளுங்கள் தம்பி. ஏறியிருந்தால் அரசாங்கமே அதை ஆக்கிரமிப்பு என்று ஒப்புக்கொண்ட மாதிரி. ஏறவில்லை என்றால், ஏற்றச் சொல்லி ஒரு மனு.

தேர்வுக்காரி_பொள்ளாச்சி

ஐயா, கோட்டை பக்கமும் கொஞ்சம் சொல்லுங்க. துறைச் செயலாளர், துறைத் தலைவர், இயக்குநர், ஆணையர் என்று புத்தகத்தில் வருகிறது. அமைச்சர் இவர்களில் யாரிடம் சொல்வார்? அரசாணை எண்ணுக்கு முன்னால் நிலை, வாலாயம் என்று எதற்குப் போடுகிறார்கள்?

ஓய்வு_வருவாய்

தலைமைச் செயலகத்தில் இருப்பது கொள்கை முடிவு எடுக்கிற இடம். அங்கே அமைச்சர், அவருக்குக் கீழே துறைச் செயலாளர், பிறகு கூடுதல், இணை, துணை, சார்புச் செயலாளர்கள், பிரிவு அலுவலர், உதவிப் பிரிவு அலுவலர். அத்தனை துறைச் செயலாளர்களுக்கும் மேலே தலைமைச் செயலாளர். கோப்பு கீழே இருந்துதான் எழும்பும். முதல் குறிப்பு எழுதுகிறவர் உதவிப் பிரிவு அலுவலர். அவர் எழுதுகிற வாசகம்தான் பல நேரம் கடைசி வரை நிற்கும்.

துறைத் தலைவர் என்பவர் செயலகத்துக்கு வெளியே இருப்பவர். ஊரக வளர்ச்சி இயக்குநர், பதிவுத்துறைத் தலைவர், நில நிர்வாக ஆணையர் இவர்களெல்லாம். அரசு எடுத்த முடிவை மாநிலம் முழுக்க நடத்துகிறவர்கள். செயலாளர் அரசாணை போடுவார், துறைத் தலைவர் செயல்முறை ஆணையும் சுற்றறிக்கையும் போடுவார், கலெக்டர் தன் மாவட்டத்துக்குச் செயல்முறை ஆணை போடுவார். தாசில்தார் கொடுக்கிறது அரசாணை இல்லை. எங்கள் காலத்தில் தாசில்தார் நோட்டீசைக் கையில் வைத்துக்கொண்டு "ஜி.ஓ. வந்துவிட்டது" என்று ஊரெல்லாம் சொல்லுவார்கள்.

அரசாணையில் நிலை என்றால் கொள்கை, நிதி, பணியிடம் மாதிரி நிலைத்து நிற்கிற ஆணை. வாலாயம் என்றால் வழக்கமாகப் போடுகிறது. மேலே "படிக்க" என்று பழைய ஆணைகளின் பட்டியல் இருக்கும். அதைப் பார்த்தாலே இந்த விஷயம் எத்தனை வருஷமாக ஓடுகிறது என்று தெரிந்துவிடும். முடிவில் "ஆளுநரின் ஆணைப்படி" என்று போட்டுச் செயலாளர் பெயர் வரும். முதலமைச்சர் முடிவு செய்தாலும் ஆணை ஆளுநர் பெயரில்தான் வெளிவர வேண்டும், அரசியலமைப்பின் 166-ஆம் பிரிவு அது. கீழே மாவட்டத்தில் அதற்குப் பதில் "ந.க. எண்" இருக்கும், நடப்புக் கணக்கு. தம்பி மேட்டாங்காட்டான், உங்கள் மனுவுக்கு ந.க. எண் விழுந்ததா என்பதுதான் முதல் கேள்வி. எண் இல்லாத மனு மேசையில் கிடக்கிற காகிதம்.

கீழ்பவானிக்காரர்

இதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சட்டமன்றத்தில் அமைச்சர் மானியக் கோரிக்கையில் அறிவித்தாலும், 110-ஆவது விதியில் முதலமைச்சரே அறிவித்தாலும், அது அறிவிப்புதான். அதற்கு அப்புறம் நிதித்துறை ஒப்புதல், நிர்வாக அனுமதி கொடுக்கிற அரசாணை, பொறியாளர்களின் தொழில்நுட்ப அனுமதி, டெண்டர். இத்தனையும் தாண்டினால்தான் மண்வெட்டி விழும். நம் பகுதி எம்.எல்.ஏ.க்கள் அறிவிப்பு வந்த அன்றைக்கே பட்டாசு வெடிக்கிறார்கள். நான் அரசாணை எண் எங்கே என்று கேட்பேன், அதனால் என்னை யாருக்கும் பிடிக்காது.

குளம் குட்டைகளுக்குத் தண்ணீர் கொண்டுபோகிற அத்திக்கடவு - அவினாசி திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நம் அப்பாக்கள் காலத்துக் கோரிக்கை. 2019 பிப்ரவரியில் எடப்பாடி பழனிசாமி அடிக்கல் நாட்டினார், 2024 ஆகஸ்ட் 17-ல் மு.க.ஸ்டாலின் தொடங்கிவைத்தார். செலவு 1,916 கோடி ரூபாய்க்கு மேல். தண்ணீர் போகிற 1,045 நீர்நிலைகளில் 32 தான் நீர்வளத்துறை ஏரிகள். 42 ஊராட்சி ஒன்றியக் குளங்கள். மிச்சம் 971 குளம் குட்டைகள். இதில் ஒரு குட்டைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் எங்கே போவீர்கள்? குழாயும் பம்பும் நீர்வளத்துறை. குட்டைக் கரை உடைந்திருந்தால் ஊராட்சி. குட்டைக்குள் ஒருத்தன் தென்னை வைத்திருந்தால் வருவாய்த்துறை. மூன்று மனு எழுதாமல் ஒரு மனு எழுதினால், ஒவ்வொருவரும் மற்ற இருவரையும் கை காட்டுவார்கள்.

பனியன்சிட்டி

ரேஷன் கடையும் இதே கதைதானுங்க. எங்க ஏரியாவில் கார்டு கிடைக்கலை என்று கடைக்காரரோடு சண்டை போடுவார்கள். கார்டு கொடுக்கிறது தாலுகாவில் இருக்கிற வட்ட வழங்கல் அலுவலர், கடையை நடத்துகிறது கூட்டுறவுச் சங்கம், அரிசி வருவது நுகர்பொருள் வாணிபக் கழகத்துக் கிடங்கில் இருந்து. பாவம், கடைக்காரர் மூன்று பேருக்கும் சேர்த்துத் திட்டு வாங்குகிறார். ஆனாலும் கலெக்டர் விஷயத்தில் என் கட்சியை நான் மாற்றவில்லை. சம்பளம் யார் போட்டால் என்ன, பயம் யாரிடம் என்பதுதான் கணக்கு.

ஒன்றியத்தான்

பயத்தை வைத்து நடக்கிற வேலை அந்தக் கலெக்டர் மாறினால் நின்றுவிடும். நான் பார்த்ததைச் சொல்கிறேன். எழுத்தில் ஒரு ஆணை இருந்தால் அடுத்து வருகிறவரும் அதன் மேல்தான் நடவடிக்கை எடுக்க வேண்டும்.

மேட்டாங்காட்டான்

எல்லோருக்கும் நன்றிங்க. ந.க. எண் கேட்டேன், விழவில்லை. மறுபடி எழுதிக்கொடுத்து எண் வாங்கிவிட்டேன். பி மெமோவில் வேலி ஏறவில்லை என்று வி.ஏ.ஓ. சொன்னார். இப்போது புதுச் சிக்கல். வேலி போட்டவர் "அந்த இடம் என் பட்டாவில் சேர்ந்தது" என்கிறார். புல வரைபடத்தில் தடம் இருக்கும்போது பட்டாவில் எப்படிச் சேரும்?

ஓய்வு_வருவாய்

இதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். புல வரைபடத்தில் தடம் இரண்டு விதமாக இருக்கும். தனிப் புல எண்ணோ உட்பிரிவோ கொடுத்து, அ-பதிவேட்டில் (கிராமத்து நிலங்களின் அடிப்படைப் பதிவேடு) வண்டிப்பாதைப் புறம்போக்கு என்று எழுதியிருந்தால் அது அரசு நிலம். அப்போது தாசில்தார் 1905-ஆம் ஆண்டு ஆக்கிரமிப்புச் சட்டத்தில் முதலில் 7-ஆம் பிரிவில் நோட்டீஸ் கொடுத்து விளக்கம் கேட்பார், பிறகு 6-ஆம் பிரிவில் அகற்றுகிற உத்தரவு போடுவார். எண்ணிக்கையில் 6 முன்னால் இருந்தாலும் நடைமுறையில் 7 தான் முதலில்.

தனி எண் இல்லாமல், அவர் புலத்துக்குள் வெறும் புள்ளிக்கோட்டில் தடம் ஓடினால் நிலம் பட்டாதாரருடையது, நடக்கிற உரிமை மட்டும்தான் உங்களுக்கு. அதில் தாசில்தார் 1905 சட்டத்தை எடுக்க முடியாது. உரிமையியல் நீதிமன்றம்தான். உங்கள் கிரயப் பத்திரத்தில் "மாமூல் வண்டித்தடத்தில் போக வரப் பாத்தியம்" என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். நம் பக்கத்துப் பழைய பத்திரங்களில் பெரும்பாலும் இருக்கும், அதுதான் அங்கே சாட்சி.

மூன்றாவதாக ஒன்று உண்டு. பழைய பதிவேட்டில் புறம்போக்காக இருந்து, 1980-களில் யூ.டி.ஆர். (நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த திட்டம்) நடந்தபோது தப்பாக அவர் பட்டாவில் ஏறியிருக்கலாம். அப்படியானால் யூ.டி.ஆருக்கு முந்தைய அ-பதிவேட்டின் நகலை வாங்கி, திருத்தம் கேட்டு மனு. பட்டா தொடர்பாகத் தாசில்தார் போடுகிற உத்தரவு உங்களுக்குப் பாதகமானால் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு, அதற்கு மேல் மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வு. இதில் கலெக்டர் படி இல்லை. பனியன்சிட்டி கோபிக்க வேண்டாம்.

கீழ்பவானிக்காரர்

பழைய நகல் கொடுக்க இழுத்தடித்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்க. பத்து ரூபாய் கோர்ட் பீஸ் வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலர் என்று முகவரி எழுதினால் போதும். முப்பது நாளில் பதில் தர வேண்டும். அதில் 6(3) என்று ஒரு உட்பிரிவு இருக்கிறது. தகவல் தங்களிடம் இல்லை என்றால் யாரிடம் இருக்கிறதோ அவர்களுக்கு ஐந்து நாளுக்குள் அவர்களே அனுப்பிவைக்க வேண்டும். வேறு ஆபீசைக் கை காட்ட முடியாது. "6(3)-ன்படி மாற்றி அனுப்பவும்" என்று மனுவின் கீழேயே எழுதிவிடுங்க.

மேட்டாங்காட்டான்

சரிங்க. அ-பதிவேடு, புல வரைபடம், பழைய நகல் மூன்றுக்கும் கேட்டுவிடுகிறேன். பத்திரம் அண்ணன் வீட்டுப் பெட்டியில் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை போய் எடுத்து வரேன். புள்ளிக்கோடா, தனி எண்ணா என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன்.